உள்ளே இருந்தவர்கள்

2020 ஜனவரி 3ஆம் திகதி காலையில் இலங்கை விமானப்படையின் வை-12 விமானம் ஒன்று மலையகத்தில், அப்புத்தளையில் விழுந்தது. வீரவிலவிலிருந்து கண்காணிப்புப் பறப்புக்குக் கிளம்பிய விமானம். அதில் இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். அந்த நேரம் நான் பண்டாரவளையிலிருந்து வரும் பஸ்ஸில் இருந்தேன். கொண்டக்டருக்கு யாரோ போன் எடுத்துச் சொன்னார்கள், அவர் டிரைவரிடம் கத்திச் சொன்னார், அடுத்த ஹோல்ட் வருவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. முன் சீட்டில் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா பதறிப்போய்க் கேட்டார்: "லயத்து மேலயா விழுந்துச்சு? நம்ம ஆளுங்க யாருக்கும் ஒன்னும் இல்லயே?" கொண்டக்டர் சொன்னார்: "கீழ ஒருத்தருக்கும் ஒன்னும் இல்லம்மா. உள்ள இருந்தவங்கதான்." "அப்பாடா, முருகா" என்று அந்த அம்மா பிள்ளையைத் தூக்கிச் சரியாக உட்கார வைத்துக்கொண்டார். அப்புறம் பேச்சு தைப்பொங்கல் சாமானுக்குப் போய்விட்டது.

அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. சரிவு முழுக்கத் தோட்டத் தொழிலாளரின் லயங்கள், அந்த வரிசை வீடுகள், ஒட்டிக்கொண்டிருக்கும் ஊரில் ஒரு விமானம் விழுந்தால், கீழே யார் என்று கேட்பதுதான் மனித இயல்பு. எனக்கு உறுத்தியது அந்த 'உள்ள இருந்தவங்கதான்' என்பதில் ஒட்டியிருந்த 'தான்'. நான்கு உயிர் அந்தச் சின்னச் சொல்லுக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது. அன்று சாயங்காலம் பேஸ்புக்கைத் திறந்தால் சிங்களப் பக்கங்கள் முழுக்க 'ரணவிரு', போர்வீரர் என்று அஞ்சலி. நம் தமிழ்ப் பக்கத்தில் பெரும்பாலும் மௌனம். அங்கும் இங்கும் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள் சிலர்; பெயர்களைப் பார்த்தால் எவரும் அப்புத்தளைப் பக்கம் தலைவைத்துப் படுத்தவர்களாகத் தெரியவில்லை.

மலையகத்துக்கு இரக்கம் கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி மாட்டின் எயார் டிசி-8 விமானம் சப்த கன்னி மலையில் மோதியது. சுரபாயாவிலிருந்து ஜெத்தாவுக்கு ஹஜ்ஜுக்குப் போன இந்தோனேசியர்களும் விமானப் பணியாளர்களுமாக 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெரியவர்களிடம் அந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். ஐம்பது வருடம் கழித்தும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். சொல்லும்போது கண் கலங்கும். மொழி தெரியாத, முகம் தெரியாத, மதம் வேறான ஆட்களுக்காக அழத் தெரிந்த சனம் இது. ஆக, விமானம் விழுந்தால் உருகாத நெஞ்சில்லை நம்முடையது. சீருடை ஒன்று குறுக்கே நின்றால் மட்டும் அந்த உருக்கம் எங்கோ அடைபட்டுப்போகிறது. ஏன் அடைபடுகிறது என்பது நமக்கெல்லாம் தெரியும்தான். ஆனாலும் தெரிந்த காரணம் முழுக் காரணமா என்ற கேள்வி என்னை விடவில்லை. கடைசியில் அது என் தங்கச்சி வீட்டு இஸ்தோப்புக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

தியத்தலாவைப் பக்கம்

பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் நடுவில் தியத்தலாவை இருக்கிறது. 1900இல் போயர் யுத்தக் கைதிகளை வெள்ளைக்காரன் கொண்டுவந்து அடைத்த இடம். அன்றிலிருந்து அந்த ஊரைப் பட்டாளம் விடவேயில்லை. இராணுவக் கல்லூரி அங்கே, விமானப்படையின் போர்ப் பயிற்சிப் பாடசாலையும் அங்கேதான். விமானப்படை என்றால் வானத்தைப் பார்க்கவேண்டும் என்று நினைப்பீர்கள். எங்களுக்கு அந்தப் படை என்றால் ரோட்டைப் பார்த்தால் போதும்: விடியற்காலைப் பனியில் வரிசையாக ஓடிவரும் மொட்டைத்தலைப் பையன்கள். மூக்கு சிவந்து, உதடு வெடித்து, கீழ்நாட்டிலிருந்து வந்த குளிர் பழகாத பையன்கள். பின்னால் ஒருவர் கத்திக்கொண்டே ஓடுவார். பால் எடுத்துக்கொண்டு வரும் நம் ஆட்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். அந்தப் பையன்களும் பார்ப்பார்கள், இவர்களும் பார்ப்பார்கள். ஒரு சொல் பேசிக்கொள்வதில்லை.

சுற்றியிருக்கிற சிங்களக் கிராமங்களில் ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். முன் அறையில் மகனோ மருமகனோ சீருடையில் நிற்கும் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும், புத்தர் படத்துக்குப் பக்கத்திலேயே. அந்த வீட்டிலும் மரக்கறித் தோட்டமும் கடனும்தான். நம் லயத்தில் அதே வயசுப் பையனின் படம் கொழும்பில் ஒரு புடவைக்கடை வாசலில் எடுத்ததாக இருக்கும், இல்லாவிட்டால் கட்டாரில். வறுமை ஒன்றுதான், பிள்ளைகள் போகிற பாதை வேறு. அவர்கள் வீட்டில் படை என்பது முதலில் ஓர் அரசாங்க உத்தியோகம்: மாதச் சம்பளம், சாப்பாடு, பென்ஷன். தேசம், வீரம் எல்லாம் அப்புறம், மைக் பிடிக்கிறவர்கள் சேர்த்துக்கொள்கிற தாளிப்பு.

நமக்கு அது எப்போதும் உத்தியோகமாகத் தெரிந்ததில்லை. யுத்த காலத்தில் கொழும்பு லொட்ஜில் தங்கிய நம் பையன்கள் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு எத்தனை இரவு நின்றார்கள் என்பதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பிந்துனுவெவவில் புனர்வாழ்வு முகாமுக்குள் இருந்த தமிழ்ப் பையன்களைக் கும்பல் அடித்துக் கொன்றபோது காவலுக்கு நின்ற பொலிஸ் கையில் துப்பாக்கி இருந்தது. தியத்தலாவையிலிருந்து அது கூப்பிடு தூரம். வழக்கு நடந்து, கடைசியில் 2005இல் எல்லோரும் விடுதலையானார்கள். இதையெல்லாம் பார்த்த தகப்பன்மார் பிள்ளையைக் காக்கி, நீலம், பச்சை எதன் பக்கமும் அனுப்ப மாட்டார்கள். நியாயம்.

ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. விமானப்படை பிறந்தது 1951 மார்ச் 2, 'றோயல் சிலோன்' என்ற பட்டத்தோடு. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படித்த தமிழர் சிலர் அப்போது அதில் இருந்தார்கள். நாம் இல்லை. இருந்திருக்க முடியாது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அப்போது மூன்று வருடம்கூட ஆகவில்லை. நாடில்லாதவனை எந்த நாட்டுப் படை சேர்க்கும்? அதற்கும் முன்னால் தோட்டத் துரைமாருக்கு என்று தனியாக ஒரு ரைபிள் படை கண்டியில் இருந்தது. அதில் நம் பங்கு துரையின் பூட்சைத் துடைத்து வைத்தது மட்டும்தான். நாடற்றவர் பிரச்சினை முழுசாகத் தீர 2003 வரை பிடித்தது. கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்த வருடங்களில் அந்தப் பக்கம் யுத்தம் எரிந்துகொண்டிருந்தது. 'நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் சரிவராது' என்று இன்றைக்கு ஏதோ குலவழக்கம் போலச் சொல்கிறோம். குலவழக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நம்மை யாரும் கேட்கவேயில்லை. கேட்காத விருந்துக்கு நாமே போகமாட்டோம் என்று சொல்லிக் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டோம்.

மருமகனுக்கு வந்த ஆசை

தங்கச்சி மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுத்தவன். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தால் வீட்டில் ஓடுகிற ஒன்றையும் ஓட விடமாட்டான். திரும்பப் பூட்டிக் கொடுப்பான் என்பது வேறு விஷயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது அவர்கள் தோட்டத்துக்குப் போகும் ரோடு இரண்டு இடத்தில் அறுந்துபோனது. கரண்ட் இல்லை, போன் இல்லை, கீழ் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஸ்கூலில். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஹெலிகொப்டர் வந்தது. அது இறங்கிய கதையைத் தோட்டத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்: அரிசி மூட்டை, பால் பவுடர், ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிப்போனது. மருமகன் சொல்கிற கதை வேறு.

"மாமா, பைலட்டை எல்லாரும் பாத்தாங்க. நான் கதவுல ஒருத்தர் இருந்தாரே, அவரைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றான். கதவோரம் வயிறு பதியக் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி, வால்பக்கம் யூகலிப்டஸ் மரத்துக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்து உள்ளே சொல்லிக்கொண்டே வந்தாராம் ஒருவர். அவர் சொல்லச் சொல்லத்தான் அந்தப் பெரிய சாமான் அங்குலம் அங்குலமாக இறங்கியதாம். கிரவுண்டில் தட்டியதும் முதலில் குதித்தவரும் அவர்தான். குதித்தவுடன் ஆட்களைப் பார்க்கவில்லை, சக்கரம் புதைகிறதா என்று குனிந்து பார்த்தார். இவ்வளவையும் மருமகன் கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, பையன் விழுந்துவிட்டான் என்று.

அதே நாட்களில்தான், நவம்பர் 30ஆம் திகதி, நிவாரண வேலைக்குப் போன பெல் 212 ஹெலிகொப்டர் லுணுவிலவில் விழுந்து விமானி இறந்தார். இந்தத் தடவை நம் ஆட்கள் அழுதார்கள். தோட்டத்துக் கோயிலில் அவருக்காக விளக்கு வைத்ததாகக் கேள்விப்பட்டேன். தமிழ்ப் பக்கங்களில் படம் போட்டு அஞ்சலி எழுதினார்கள். அப்புத்தளையில் விழுந்தபோது எங்கோ அடைபட்டிருந்தது இப்போது திறந்துகொண்டது. நல்லதுதான். இருந்தாலும் எனக்கு இந்தப் புதுப் பாசத்தில் முழு நம்பிக்கை வரவில்லை. அரிசி மூட்டையோடு வருகிற பாசம் மூட்டை தீரும்வரைதான் நிற்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் விழுந்த நான்கு பேரும் இதே வேலைக்குச் சேர்ந்தவர்கள்தானே? அன்றைக்கு அவர்கள் நமக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் பக்கவாட்டில் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹெலிகொப்டரை வணங்குகிற வேகத்தில், அது ஏன் வரவேண்டியிருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்று பல வருடத்துக்கு முன்பே சொல்லப்பட்ட இடம் அது. அங்கேயும் படைகள்தான் வந்து தோண்டின. சரிவில் லயம் கட்டினவன் வரமாட்டான், காணி தராதவன் வரமாட்டான், எச்சரிக்கைக் கடிதத்தை பைலில் போட்டு மூடினவனும் வரமாட்டான். கடைசியில் வருகிறவன் இருபத்தைந்து வயசு சிப்பாய், கையில் மண்வெட்டியோடு. நன்றியும் அவனுக்கே போகிறது, சில நேரம் கோபமும் அவனுக்கே. அவன் இரண்டுக்குமே பொருத்தமான ஆள் இல்லை.

சரி, மருமகன் கதைக்கு வருகிறேன். ஜனவரியில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தை உடைத்திருக்கிறான். விமானப்படையில் விமானத் தொழில்நுட்பப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பம் போடப்போகிறேன் என்று. மச்சான் கையிலிருந்த சோற்றுப் பிடியைத் தட்டில் வைத்துவிட்டு, "ஆமிக்கா?" என்று கேட்டாராம். "ஆமி இல்லப்பா, எயார் ஃபோர்ஸ்." "எல்லாம் ஆமிதான்." மச்சானைப் பொறுத்தவரை பொலிஸ், எஸ்.டி.எஃப், நேவி எல்லாமே ஆமிதான். ஒருமுறை தோட்டத்துக்கு வந்த மின்சார சபைக்காரனையும் அந்தக் கணக்கில் சேர்த்தவர். தங்கச்சி ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணே, இவனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். கிளிநொச்சியில இருக்கிற அண்ணியிடம் நான் எந்த முகத்தோட பேசுவேன்?"

அண்ணி என்றது மச்சானின் அக்காவை. 1977 கலவரத்துக்குப் பிறகு பெற்றோரோடு அப்புத்தளையிலிருந்து வன்னிக்குப் போனவர். அப்படிப் போன நம் குடும்பங்கள் எத்தனையோ. மலையகத்தில் அடி விழுந்தது என்று போன சனம், அங்கே போய் விமானப்படையின் கிபிர் குண்டுவீச்சு விமானங்களிடம் மாட்டிக்கொண்டது. 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி செஞ்சோலை வளாகத்தில் பிள்ளைகள் மேல் குண்டு விழுந்தது அவருக்குச் செய்தியில்லை, பக்கத்து ஊர்ச் சாவு. 2009இல் கட்டின சேலைகளை மூட்டையாகத் தைத்து மணல் நிரப்பிப் பங்கருக்கு அடுக்கியதை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல்யாணச் சேலையைக் கடைசியாகத்தான் வெட்டினாராம். காலில் கெண்டைச் சதையில் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது, எடுத்தால் நரம்பு போய்விடும் என்று டொக்டர் விட்டுவிட்டார். அந்த அத்தைக்கு மருமகன் என்றால் உயிர். வருஷத்துக்கு ஒருதரம் வரும்போது முருங்கைக்காயும் பனங்கிழங்கும் கட்டிக்கொண்டு வருவது இவனுக்காகத்தான்.

சார்ஜன்ட் மாத்தயா

புத்தி சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. எனக்கு விமானப்படையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கீழேயிருந்து பார்த்தது. ஆகவே உள்ளேயிருந்த ஒருவரிடம் கூட்டிப்போவோம் என்று நினைத்தேன். தியத்தலாவையில் சின்னதாக ஒரு மோட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார் ஒரு மனிதர். இருபத்திரண்டு வருடம் விமானப்படையில் என்ஜின் வேலை பார்த்துவிட்டு பென்ஷனில் வந்தவர். தோட்டத்துத் தண்ணீர் மோட்டர்கள், தேயிலை வெட்டுகிற மெஷின்கள், வீட்டு கிரைண்டர்கள் எல்லாம் அவரிடம்தான் வரும். எல்லோருக்கும் சார்ஜன்ட் மாத்தயா, நம் பேச்சில் சார்ஜன்ட் ஐயா. நம் தமிழைப் பிழையாக, ஆனால் கூச்சமில்லாமல் பேசுவார். மருமகனோடு தங்கச்சியும் கிளம்பினாள். வரமாட்டாள் என்று நினைத்தேன். பிள்ளையைத் தனியாக விட்டால் நானும் அவனோடு சேர்ந்துவிடுவேன் என்று பயந்திருப்பாள்.

அந்தக் கடையை நீங்கள் பார்க்கவேண்டும். சுவரில் ஒரு பலகை, அதில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தைக் கறுப்புப் பெயின்ட்டில் வரைந்து வைத்திருக்கிறார். ஒன்று குறைந்தால் கறுப்பு வெற்றிடம் தெரியும். சாயங்காலம் எல்லா உருவமும் நிரம்பினால்தான் கதவைப் பூட்டுவார். ஒரு ஸ்பானரை என்ஜினுக்குள் விட்டுவிட்டால் ஒரு விமானமே போய்விடும் என்று பழக்கிய பழக்கம். நாங்கள் போனபோது ஒரு தண்ணீர் மோட்டரைப் பூட்டிக்கொண்டிருந்தார். போல்ட்டை முறுக்கிவிட்டு அதன் தலையில் போட்டிருந்த துளையில் மெல்லிய கம்பியைக் கோத்து, முறுக்கி, அடுத்த போல்ட்டின் துளையில் கோத்து இழுத்துக் கட்டினார். ஒன்று கழன்றால் மற்றது விடாது. தண்ணீர் மோட்டருக்கு அது தேவையேயில்லை. மருமகன் ஏன் என்று கேட்டான். "கை சும்மா இருக்காது, புத்தா" என்றார், மகனே என்று அழைப்பதுபோல.

அவர் வை-12 என்ஜின்களிலும் வேலை செய்தவர். அப்புத்தளையில் விழுந்த அன்று கடையைப் பூட்டிவிட்டுப் போனாராம். பக்கத்தில் விடவில்லை, தூரத்தில் நின்றாராம். "என் கையில் இருந்த என்ஜினா என்று யோசித்தேன். நான் விலகி எவ்வளவோ வருடம். இருந்தாலும் யோசித்தேன்." மருமகன் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். பயிற்சி எப்படி, சிங்களம் எவ்வளவு தெரியவேண்டும், தமிழ்ப் பையன் என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள். கடைசிக் கேள்விக்கு அவர் பூசி மெழுகவில்லை. "முதல் ஆறு மாதம் பட்டப்பெயர் வைப்பார்கள். எனக்கும் வைத்தார்கள், மாத்தறைப் பையன்கள், நான் மலைநாட்டான் என்று. உனக்கு வைக்கப்போவது அதைவிடக் கெட்டதாக இருக்கும். வேலை தெரிந்தவன் என்று வந்தபிறகு குறையும். முழுதாக நிற்காது."

அதுவரை வாசல் பலகையில் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கச்சி அப்போதுதான் வாய் திறந்தாள். சிங்களத்தில், மிக மரியாதையாக, சமையல் குறிப்புக் கேட்பதுபோன்ற குரலில் கேட்டாள்: "மாத்தயா, நீங்க குண்டு ஏத்தினீங்களா?"

எனக்கு உடம்பு கூசிவிட்டது. மருமகன் நிலத்தைப் பார்த்தான். சார்ஜன்ட் மாத்தயா கையிலிருந்த குறடை பலகையில் அதன் உருவத்தின் மேல் மாட்டிவிட்டு வந்து, எங்களுக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நங்கி (தங்கச்சி), குண்டு ஏற்றுகிற பிரிவு வேறு. அவர்கள் கொட்டகை வேறு. நான் அந்தப் பக்கம் போனதேயில்லை" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாராக இருந்தாலும் அதோடு நிறுத்தியிருப்பார்கள். அவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஆனால் என்ஜினை நான்தான் பார்த்தேன். என்ஜின் ஓடாமல் அது மேலே போகாதே. ஒவ்வொரு முறையும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியது நான். திரும்பி வரும்வரை காத்திருந்ததும் நான். எங்கே போய்வந்தது என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கப் பழகிவிட்டோம். நீ கேட்கிறாய், சரி, கேட்கத்தான் வேண்டும்."

தங்கச்சி தலையாட்டினாள். அவர் மனைவி உள்ளேயிருந்து பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். தங்கச்சி குடித்தாள். வெளியில் யாரும் கொடுத்தால் சும்மா உதட்டில் வைத்துவிட்டு வைக்கிறவள், அன்று முழுக்கக் குடித்தாள்.

இதில் மனிதாபிமானம், நல்லிணக்கம் என்று ஒரு லேபிளை ஒட்டிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, இவளும் மன்னிக்கவில்லை. ஆனால் யுத்தம் முடிந்த இந்தப் பதினாறு பதினேழு வருடமாக மேடைகளில் ஒருவரும் சொல்லாத ஒன்றை ஒரு மோட்டர் கடைக்காரர் சொன்னார்: நான் கையெழுத்துப் போட்டேன். மேடையில் பேசுகிறவர்கள் ஒன்றில் படையில் இருந்த எல்லோரையும் வீரர்களாக்குவார்கள், அல்லது எல்லோரையும் கொலைகாரர்களாக்குவார்கள். இரண்டிலும் வேலை செய்கிற ஆள் காணாமல் போய்விடுகிறான். கம்பி முறுக்குகிறவன், சோறு ஆக்குகிறவன், கதவில் படுத்து வாலைப் பார்க்கிறவன். அவனுக்கும் பொறுப்பில் ஒரு பங்கு உண்டு, பொறுப்பு மொத்தமும் அவனுடையதில்லை. அந்தப் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல எந்தப் பத்திரிகை ஆசிரியருக்கும் பொறுமையிருந்ததாக நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தங்கச்சி மகனிடம் சொன்னாள்: "சேர்றதுன்னா சேரு. அப்பாகிட்ட நான் பேசுறேன். ஆனா கிளிநொச்சிக்கு நீயே போன் எடுத்துச் சொல்லு. மத்தவங்க வாயால அவங்க கேக்கக்கூடாது." மருமகன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தாய்மாமன் சீர் செய்யலாம், காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ளலாம், இதற்கெல்லாம் நடுவே போகமுடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தான். ஸ்பீக்கரில் போடச்சொல்லி எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். விமானப்படை என்ற சொல்லை அவன் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமேயில்லை. லைன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று மச்சான் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு அத்தை கேட்டார், "சம்பளம் எவ்வளவுடா குடுப்பானுங்க?" இவன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். "கொழுந்து பறிச்சா இப்ப எவ்வளவு?" 2024இல் நாள் சம்பளம் 1,350 ரூபாவுக்குப் போனது முதல் அது பட்ட பாட்டையெல்லாம் மச்சான் எட்டிச் சொன்னார். அத்தை மனசுக்குள் கணக்குப் போடுவது எங்களுக்குக் கேட்டது என்றுதான் சொல்லவேண்டும். "எனக்குப் புடிக்கல" என்றார் கடைசியில். "புடிச்சிருக்குன்னு நான் பொய் சொல்லமாட்டேன். நீ உடுப்போட இங்க வரக்கூடாது. வந்தா சாதாரண உடுப்புல வா. முருங்கைக்காய் எப்பவும் உனக்குத்தான்." அதற்கப்புறம் அவர் பேசியது முழுக்க அவனுடைய உயரத்தைப் பற்றி. ஐந்தடி ஆறங்குலம் வேண்டுமாமே, நீ அப்பனை மாதிரிக் குள்ளமாச்சே, ஏறுமா என்று.

ஏறும், மட்டுமட்டாக. கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த ஆட்சேர்ப்பு அறிவித்தல் இன்னும் வரவில்லை. சனிக்கிழமைகளில் பண்டாரவளைக்குச் சிங்கள வகுப்புக்குப் போகிறான், ஞாயிறு முழுக்க சார்ஜன்ட் மாத்தயா கடையில். மச்சான் இன்னும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லவில்லை. ஆனால் போன கிழமை வீட்டு கிரைண்டர் பழுதானபோது, வழக்கமாகக் கொண்டுபோகிற கடையை விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு தியத்தலாவைக்கே போனார். இரண்டு மணி நேரம் அங்கே இருந்துவிட்டு வந்திருக்கிறார். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்ல மறுக்கிறார்கள். கிரைண்டரின் போல்ட்டுகளில் கம்பி முறுக்கியிருக்கிறது.